லீவு கேன்சல் ஆகவில்லை

கதிரு, கடிதம் என்றதும் பதறாதே. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, வேலையும் இருக்கிறது. எங்கள் ரூம் மணியம் வெள்ளிக்கிழமை ஊருக்குப் புறப்படுகிறான். அவனிடம் அம்மாவுக்குக் கோடாலித் தைலமும் உனக்கு ஒரு ஜோடி சேஃப்டி ஷூவும் கொடுத்துவிடுகிறேன். தோகாவில் கம்பெனி கொடுக்கிற ஷூ உனக்குச் சேராது, உனக்கு என் கால், அகலப் பாதம். அந்த ஷூவுக்குள்தான் இந்தக் கடிதத்தைச் சுருட்டி வைக்கிறேன். அம்மா முதலில் பிரித்துப் படித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தத் திருட்டு வேலை. நீ படித்து முடித்ததும் அவளிடம் கொடு. மறைத்து வைக்காதே, கட்டாயம் கொடு.

போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். நாலு தடவை முயன்று பார்த்தேன். நீ "சொல்லுங்கப்பா" என்றதும், "அங்க மழை பெஞ்சுச்சா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். அவ்வளவு பெரிய தைரியசாலி உன் அப்பன். போன வாரம் தோகா விசா வந்துவிட்டது என்று நீ சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் வழக்கம்போல அறிவுரை சொல்ல ஆரம்பித்தேன். சூப்பர்வைசரிடம் முட்டிக்கொள்ளாதே என்றேன். நீ உடனே, "அதெல்லாம் பாத்துக்கறேம்ப்பா. ஆனா உங்க பட்டாணி மாதிரி எவனாச்சும் என் லீவைக் கேன்சல் பண்ணுனா, வேலையை அவன் மூஞ்சியிலயே விட்டெறிஞ்சுட்டு வந்துருவேன். உங்கள மாதிரி தலைய ஆட்டிக்கிட்டு நிக்க மாட்டேன்" என்றாய். பின்னாலிருந்து உன் அம்மா குரல் கேட்டது. "நல்லாச் சொல்லுடா. அந்தப் பாவி வெளங்குவானா?"

தம்பி, அந்தப் பட்டாணி என் லீவைக் கேன்சல் பண்ணவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்பு நீங்கள் எல்லோரும் திருச்சி ஏர்போர்ட்டில் வந்து நின்றீர்களே, நான் வரவில்லையே, அதற்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது நான் சொன்ன பொய். இத்தனை வருஷம் அதை நான் திருத்தவும் இல்லை. நீ அதே பொய்யை நம்பிக்கொண்டு, அதே கோபத்தோடு இன்னொரு நாட்டுக்கு வேலைக்குப் போகிறாய். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு நீ என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

பட்டாணி என்று நாம் சொல்கிற ஆளின் பெயர் குல்ஜார். பெஷாவர் பக்கம். இங்கே முசஃபா தொழிற்பேட்டையில் எங்கள் வொர்க்‌ஷாப்பின் ஃபோர்மேன். ஆள் ஆறடி, குரல் ஏழடி. நான் முதன்முதலாக இங்கே வந்து லேத் மிஷினில் நின்றபோது எனக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. அவருக்குத் தமிழில் 'சாப்பாடு' மட்டும்தான் தெரியும். அந்த ஒரு சொல்லை வைத்தே ஒரு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தினார். எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது கரும்புச் சாறு வாங்கி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, நான் குடித்து முடிக்கிறவரை எழுந்திருக்கவில்லை. இதெல்லாம் நான் வீட்டில் சொன்னதே கிடையாது. சொன்னால் என் பொய் நிற்காதே! அதனால் உன் அம்மா வருஷா வருஷம் அவரைத் திட்டித் தீர்ப்பதையும், உன் தங்கச்சி செல்வி சின்னப் பிள்ளையாக இருந்தபோது 'பட்டாணி பூச்சாண்டி வர்றான்' என்று பயமுறுத்திச் சோறு ஊட்டியதையும், நான் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். எங்கள் வொர்க்‌ஷாப்புக்குத் துப்பாக்கி சுடுகிற கிளப் ஒன்றிலிருந்து அவ்வப்போது வேலை வரும். அங்கே துப்பாக்கிகளைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக் உஸ்மான் என்கிற சூடான்காரர். சுட்டு முடித்த பிறகு கீழே விழுகிற பித்தளைக் கூடுகளை அவர்கள் தூக்கி எறிய மாட்டார்கள். கழுவி, சரி பண்ணி, மறுபடி மருந்து போட்டுத் தோட்டாவாக்கி, மைதானத்தில் பழகுகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒவ்வொரு தடவை சுடும்போதும் அந்தப் பித்தளை கொஞ்சம் நீண்டுவிடும். கண்ணுக்குத் தெரியாது, வெர்னியர் வைத்து அளந்தால்தான் தெரியும். நீண்டதைச் சீவிப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். சீவாமல் விட்டால் கூட்டின் வாய் துப்பாக்கிக்குள் போய் இறுகி, சுடுகிறவன் முகத்துக்கு நேராக எல்லாம் வெடித்தாலும் வெடிக்கும். உஸ்மான் இந்தச் சீவுகிற வேலையைக் கையால் சுற்றுகிற ஒரு சின்னக் கருவியில் செய்துகொண்டிருந்தார். ஆயிரக்கணக்கில் கூடுகள். ஒருநாள் மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து, "யா குல்ஜார், கை போச்சு. மோட்டார் வெச்சு ஒண்ணு பண்ணிக் குடு" என்று தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டார். குல்ஜார் பாய் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். "மதராஸி பனாயேகா." மதராஸி செய்வான் என்று அர்த்தம்.

எனக்கு அன்றைக்குத் தூக்கம் ஏது? ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்துவிட்டு வந்து, வருஷக்கணக்கில் தேய்ந்த ஷாஃப்டையும் புஷ்ஷையும் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தவனிடம் முதல் தடவையாக ஒருவர் 'நீயே ஒன்று யோசித்துச் செய்' என்கிறார். மோட்டாருக்கு என்ன செய்வது என்று யோசித்து, வெள்ளிக்கிழமை பஸ் ஏறித் துபாய் சத்வாவுக்குப் போனேன். அங்கே தையல்கடைத் தெருவில் ஒரு டெய்லர், நம் பட்டுக்கோட்டைக்காரர், பழைய தையல் மிஷின் மோட்டார் ஒன்றைக் கால்மிதியோடு எடுத்துப் போட்டார். "இத வெச்சு என்னண்ணே தைக்கப் போறீங்க?" என்றார். "தோட்டா" என்றேன். மனுஷன் மோட்டாரைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளப் பார்த்தார்! கிளப் வேலை என்று விளக்கிச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்துத்தான் அதை வாங்கி வர முடிந்தது.

பத்து நாளில் செய்து முடித்தேன். கூட்டைப் பிடியில் மாட்டிக் காலால் மிதித்தால் சீவுகிற டூல் பிட் சுற்றும். கைப்பிடியைத் தள்ளினால் கூட்டின் வாயைச் சீவிக்கொண்டே வந்து, ஒரு போல்ட்டில் முட்டி நிற்கும். எவ்வளவு நீளம் என்று முடிவு பண்ணுவது அந்தப் போல்ட்தான். அது நகராமல் பிடித்துக்கொள்ள ஒரு செக் நட். அவ்வளவுதான் மிஷின். கையால் அரை நிமிஷம் ஆகிற வேலை, இதில் நாலு விநாடி. உஸ்மான் முதல் கூட்டை எடுத்து வாயைத் தடவிப் பார்த்து, பிசிறே இல்லை என்றதும் என் தலையைப் பிடித்து உச்சந்தலையில் முத்தம் கொடுத்தார். பக்கத்து வொர்க்‌ஷாப்காரர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். குல்ஜார் பாய் ஏதோ தானே பெற்ற பிள்ளை மாதிரி அதைக் காட்டிக் காட்டிப் பேசினார். எனக்கு அந்த வாரம் கால் தரையில் படவில்லை. இதை நீ நினைவில் வைத்துக்கொள். மற்றதெல்லாம் இந்தப் பெருமையில் இருந்துதான் வந்தது.

அப்போது நான் ஊரைவிட்டு வந்து மூன்று வருஷம் முடிந்திருந்தது. லீவு கிடைத்துவிட்டது, டிக்கெட் போட்டாகிவிட்டது. நீ ஏழாம் வகுப்பு. ரிமோட் கார் வேண்டும் என்று எழுதியிருந்தாய். 'சிவப்பு கிடைக்காவிட்டால் நீலம், பச்சை மட்டும் வேண்டாம்' என்று கீழே கோடு போட்டு எழுதியிருந்தாய். சிவப்பே கிடைத்தது. மிஷின் இன்னும் எங்களிடம்தான் இருந்தது; உஸ்மான் அனுப்பியிருந்த கூடுகளில் மீதியை முடித்துக் கொடுத்துவிட்டுப் புறப்படலாம் என்று வேலை பார்த்தேன். அதில் இரண்டு நீளம் உண்டு. நீள ரகத்தை முடித்து, குட்டை ரகத்துக்கு மாற்றுவதற்காகச் செக் நட்டைத் தளர்த்தி, போல்ட்டை அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். நட்டை இறுக்கப் போகிற நேரத்தில் குல்ஜார் பாய் ஆபீஸிலிருந்து என் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு வந்து, கண்ணுக்கு முன்னால் ஆட்டினார். கூடவே செல்விக்கு ஒரு கவுன், உங்களுக்கெல்லாம் ஒரு பெட்டி பேரீச்சம்பழம். நான் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கட்டிப்பிடித்தேன். மறுபடி ஸ்பானரை எடுக்கவில்லை.

பத்துக்கு ஒன்று அளந்து பார்ப்பது எந்த டர்னருக்கும் பழக்கம். அன்றைக்கு அதையும் செய்யவில்லை. கை சீவிக்கொண்டிருந்தது, மனசு திருச்சி ஏர்போர்ட்டில் வெளியே வந்துகொண்டிருந்தது. இரண்டு சாக்கு முடித்து, உஸ்மானின் பிக்கப்பில் ஏற்றிவிட்டேன். மறுநாள் காலையில், புறப்படுகிற நாள், மிஷினைத் துடைத்து மூடி வைக்கலாம் என்று போனேன். துணியோடு சேர்ந்து அந்தப் போல்ட் சுற்றியது.  கீழே கிடந்த கடைசிக் கூட்டை எடுத்து அளந்தேன். நீளம். இரண்டு தாள் கனத்துக்கு நீளம். நட் இறுக்காத போல்ட் அதிர்ந்து அதிர்ந்து முன்னால் வந்து, சீவி முடிக்கிறதுக்குள் தடுத்து நிறுத்தியிருக்கிறது. எப்போது நகர ஆரம்பித்தது, எத்தனை கூடு நல்லது, எத்தனை தப்பு, ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

குல்ஜார் பாயிடம் காட்டினேன். அவர் போல்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அரே யார், இதுக்கா மூஞ்சி இப்படி? உஸ்மானுக்கு ஃபோன் கரோ. 'கல்தி ஹோ கயா' போலோ. சாக்கை ஓரமாப் போட்டு வெக்கச் சொல்லு. கலாஸ், முடிஞ்சுது. நீ ஊர்லேர்ந்து வந்து சீவு. யல்லா, ஊருக்குப் போ, புள்ளைங்க வெயிட் பண்ணுவாங்க" என்றார். என்னோடு பழகிப் பழகி, தமிழும் இந்தியும் கலந்து அவர் அப்படித்தான் பேசுவார். ஒரே ஒரு போன், ஒரே ஒரு வார்த்தை, தப்பு நடந்துவிட்டது என்று. சரி என்று தலையாட்டினேன். ஆனால் போன் பண்ணவில்லை. உச்சந்தலையில் முத்தம் கொடுத்த ஆளிடம், செக் நட்டை இறுக்க மறந்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஐ.டி.ஐ.யில் முதல் வருஷப் பையன்கூடச் செய்யாத தப்பு. மிஷினைத் தூக்கி டாக்ஸியில் வைத்துக்கொண்டு நேராகக் கிளப்புக்குப் போனேன். யாருக்கும் தெரியாமல் எல்லாவற்றையும் மறுபடி சீவிவிட்டு, அப்படியே ஷார்ஜா போய் பிளேன் ஏறிவிடலாம் என்று ஒரு கணக்கு. என்ன கணக்கோ, போ.

உஸ்மான் என்னைப் பார்த்துத் திகைத்துப் போனார். "இன்னைக்கு உனக்கு ஃப்ளைட் இல்ல?" என்றார். ஃபினிஷிங் சரியாக வரவில்லை, இன்னொரு தடவை ஓட்ட வேண்டும் என்றேன். "அதுக்கா வந்தே? ஊர்லேர்ந்து வந்து பண்ணிக்கோ, போ போ" என்றார்.  "லீவ் மாஃபி. குல்ஜார் கேன்சல்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. லீவு இல்லை, குல்ஜார் கேன்சல் பண்ணிவிட்டார் என்று அர்த்தம். எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. அந்த மனுஷன் கொதித்துப்போய் அங்கேயே போனை எடுத்து, குல்ஜார் பாயை அரபியிலும் இந்தியிலும் வறுத்து எடுத்தார். பிள்ளை குட்டிக்காரனை இப்படியா தடுப்பது, ஹராம் என்றார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.  பிறகு குல்ஜார் பாய் குரல் மெல்லக் கேட்டது. "ஹாங். காம் ஜ்யாதா ஹை." ஆமாம், வேலை அதிகம். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

இன்னும் கேள். நான் சாக்கைப் பிரித்து உட்கார்ந்தபோது உஸ்மான் ஒரு இரும்புத் துண்டை எடுத்துக் காட்டினார். நடுவில் பள்ளம் வெட்டிய ஒரு அளவுத் துண்டு. "எவ்ளோ நல்ல மிஷின் சீவினாலும், மருந்து போடறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் இதுல வெச்சுப் பாத்துட்டுத்தான் போடுவேன். இருபது வருஷமா அப்படித்தான்" என்றார். அதாவது, என் தப்பால் யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. அந்த நிமிஷம் மணி பதினொன்று. பிளேன் சாயங்காலம், வழியில் மாறி மறுநாள் காலையில் திருச்சி. ஷார்ஜாவுக்கு இரண்டு மணி நேரம். பெட்டி கட்டி, பெயர் எழுதி, ரூமில் தயாராக இருந்தது. எழுந்து, 'உஸ்மான் பாய், நான் பொய் சொன்னேன், தப்பு என்னுடையது, நான் போகிறேன்' என்று சொல்லியிருந்தால் போதும். நான் எழுந்திருக்கவில்லை. காலால் மிதித்து மிதித்துச் சாயங்காலம்வரை சீவிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கும் அன்றைக்கே போன் பண்ணியிருக்கலாம். என்ன சொல்வது என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, மறுநாள் காலையில்தான் நம் தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் பண்ணினேன். "அவங்க எல்லாரும் விடியக்காலையிலயே வேன் புடிச்சுத் திருச்சிக்குப் போயிட்டாங்களேண்ணே" என்றாள் பூத்துக்காரப் பெண். மற்றதெல்லாம் அம்மா பிறகு சொல்லித் தெரியும். வந்தவர்கள் எல்லாம் வெளியே போன பிறகும் நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாயாம். பெயரே லிஸ்டில் இல்லை என்று ஆபீஸர் சொன்ன பிறகும், "அடுத்த பிளேன்ல வருவாரு" என்று நகரமாட்டேன் என்றாயாம். மத்தியானம்வரை. வேன்காரர்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்திருக்கிறார். அன்றைக்குச் சாயங்காலம் அம்மா பூத்தில் அழுதபோது, உஸ்மானிடம் சொன்ன அதே பொய்யை அவளிடமும் சொன்னேன். இரண்டாவது தடவை அது சுலபமாக வந்தது.

அடுத்த வாரம் போக சீட் கிடைக்கவில்லை. அப்புறம் குல்ஜார் பாய் ஊருக்குப் போனார், வொர்க்‌ஷாப்பை நான் பார்க்க வேண்டியதாயிற்று. இப்படியே ஒரு வருஷம் ஓடி, நான் வந்து இறங்கியபோது உனக்குக் குரல் உடைந்திருந்தது. நீ ஏர்போர்ட்டுக்கு வரவில்லை. வீட்டு வாசலில் நின்று, விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி "வாங்க" என்று சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொண்டாய். அந்த வயசில் ரிமோட் காரை வைத்து என்ன செய்வாய்? செல்வி எடுத்துக்கொண்டாள். இரண்டு மாச லீவில் நீ என்னோடு ஒரு தடவைகூடச் சிரித்துப் பேசவில்லை. நான் அதைத் தாங்கிக்கொண்டேன் என்று சொன்னால் அதுவும் பொய். கொல்லைப்பக்கம் போய் அழுதேன். எனக்கு உன்மேல் கொள்ளைப் பிரியம்டா, சின்ன வயசிலிருந்தே. அதைச் சொல்லத்தான் தெரியவில்லை. இப்போதாவது சொல்கிறேன்.

தோகாவுக்குப் போகிறாய். தண்ணீர் நிறையக் குடி. இந்தியை ஆறு மாசத்தில் கற்றுக்கொள், ரூமில் தமிழர்களோடு மட்டும் ஒட்டிக்கொண்டு கிடக்காதே. அம்மாவுக்கு வாரம் ஒரு தடவையாவது பேசு, என்ன சாப்பிட்டாய் என்று அவள் கேட்டால் உண்மையைச் சொல். வேலையில் தப்பு வரும். எனக்கு வந்தது, உனக்கும் வரும். வந்த அன்றைக்கே, ஆற விடாமல், வாயைத் திறந்து சொல்லிவிடு. திட்டுவார்கள், சிரிப்பார்கள், சம்பளத்தில்கூடக் கை வைப்பார்கள். அதெல்லாம் ஒரு வாரம். நான் ஒரு வாரத்துக்குப் பயந்துகொண்டு, உன்னிடம் ஒன்பது வருஷத்தைத் தொலைத்தேன். அப்புறம் இன்னொன்று. லீவு தர முடியாது என்று உண்மையாகவே எவனாவது சொன்னால், நீ வேலையை விட்டெறிந்துவிட்டு வா. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

குல்ஜார் பாய்க்கு வயசாகிவிட்டது. அடுத்த மாசம் விசா கேன்சல் பண்ணிக்கொண்டு ஒரேயடியாகப் பெஷாவர் போகிறார். நேற்று டீ குடிக்கும்போது மனசைத் திடப்படுத்திக்கொண்டு அவரிடம் சொன்னேன். பாய், என் வீட்டில் உங்களை ஒன்பது வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள், நான்தான் அப்படிச் சொல்லி வைத்தேன் என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "மாலும் ஹை" என்றார். தெரியுமாம். அன்றைக்கு உஸ்மானிடம் சொன்னவன் வீட்டில் வேறு என்ன சொல்லியிருப்பான் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. "ஏன் ஒண்ணும் கேக்கலை?" என்றேன். "உன் பையன் உன்னை வெறுக்கறதுக்கு, என்னை வெறுத்தாப் பரவாயில்லைன்னு விட்டேன்" என்றார். அப்புறம் என்னை நேராகப் பார்த்து, "ஆனா லட்கா இப்போ பெரிய ஆள் ஆயிட்டான் இல்ல? இனி அவனே பாத்துக்குவான். சொல்லிடு" என்றார்.

சொல்லிவிட்டேன், கதிரு. அன்றைக்கு நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரமெல்லாம், இங்கே என்னை யாரும் தடுத்துவைக்கவில்லை. பாஸ்போர்ட் என் சட்டைப் பையில்தான் இருந்தது. நான்தான் வரவில்லை, அய்யா.

அப்பா